இரு பக்கமும் ஒன்றாய்ப் படித்தவருக்கு, ஒரு மூலை வெட்டிய மடல்

வெட்டும் கலையில் வித்தகரே! ஒட்டும் உறவில் உயர்ந்தவரே! நான்கே எழுத்துகளில் நானிலத்து உயிர்களையெல்லாம் படித்துப் பார்த்த எங்கள் மரபணு ஆய்வகத்தின் தலைவியே! பல்லாண்டுப் பணி முடித்து, பழைய குடையோடும் புதிய பெட்டியோடும் இன்று விடைபெறும் அம்மையீர்! தங்கள் வண்டி வாசலில் நிற்கும் கோணத்தைப் பார்த்தே தங்கள் கோபத்தின் அளவைக் கணித்துவந்த நாங்கள், அதாவது வரவேற்பு மேசை தொடங்கிச் சோதனைக்குழாய் கழுவும் அறை வரையிலும் காதுகளைத் தீட்டிவைத்தே காலம் தள்ளும் இந்த ஆய்வகத்தின் அலுவலர் அனைவரும், எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, தங்கள் திருமுன் வாசித்தளிக்கும் மடல் இது!

பாராட்டை நிபந்தனையோடு பெறுபவரே!

விடைபெறுகிறவர்களை வானளாவப் புகழ்ந்து, அவர்கள் செய்த தவறுகளைக் கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்துவைப்பது மடல் எழுதுவோர் மரபு. நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். தங்கள் பொறுமை, தங்கள் பொலிவு, தங்கள் நேரந்தவறாமை என்று பூப்போன்ற சொற்களைக் கோத்துக்கொண்டிருந்த எங்கள் அறைக்குள், கதவைத் தட்டாமல் நுழைந்து தாங்கள் சொன்னது என்ன?

"புகழ்ச்சி எவ்வளவு வேணா எழுதுங்க, தடுக்க மாட்டேன். ஆனா அந்த ஜெல் புரண்ட கதை இல்லாத மடலை நான் கையில வாங்க மாட்டேன். சொல்லிட்டேன்."

அம்மையீர், ஊர்க்கதை பேச ஓர் ஆணை கிடைத்ததென்றால் எங்களுக்கு வேறென்ன வேண்டும்! வாய் நமநமத்துக் கிடந்த எங்களுக்கு அன்று தேநீர்கூட இறங்கவில்லை. ஆகவே, தங்கள் நேரந்தவறாமையை இந்த ஒரே வரியில் முடித்துவிட்டு, தவறிய ஒன்றைப் பற்றிப் பேச வருகிறோம்.

வெட்டுக்கிளியெனும் விருதுப் பெயர் தாங்கியவரே!

அப்பெயரைத் தங்கள் முதுகுக்குப் பின்னால் மட்டுமே வழங்கிவருவதாக நாங்கள் நம்பியிருந்தோம். ஒருநாள் காலை தங்கள் தேநீர்க் கோப்பையில் பச்சை மையால் தாங்களே ஒரு வெட்டுக்கிளியை வரைந்து கொண்டுவந்து வைத்தீர்கள். அன்று எங்களில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இருந்தும், சற்று முன் தேநீர் மேசையருகே தங்கள் நாத்தனார் எங்களைத் தனியே இழுத்து, "இத்தனை வருஷமா அண்ணி அங்க என்னதான் வெட்டினாங்க? வீட்டுல ஒரு காய் வெட்டச் சொன்னா அண்ணன்தான் வெட்டறாரு" என்று கேட்டார். தங்கள் குடும்பத்தார் முன்னிலையில் தங்கள் மானத்தைக் காப்பது எங்கள் கடமை. எனவே அவருக்காக ஒரு விளக்கம்.

டி.என்.ஏ. என்பது இரண்டு வரிசை வீடுகள் கொண்ட நீண்ட தெரு. குடியிருப்போர் நான்கே வகை: ஏ, டி, ஜி, சி. இந்தப் பக்கம் ஏ குடியிருந்தால் எதிர்வீட்டில் டி. இந்தப் பக்கம் ஜி என்றால் எதிர்வீட்டில் சி. இதில் வீட்டுக்காரர் விருப்பமென்று எதுவும் கிடையாது. இப்போது கடிதம் கொடுப்பவர் ஒருவர், தம் இடப்பக்கத்து வாசல்களை மட்டும் படித்துக்கொண்டு தெருவுக்குள் போகிறார்: ஜி, ஏ, ஏ, டி, டி, சி. கோடியில் திரும்புகிறார். எதிர்வரிசை இப்போது அவருக்கு இடப்பக்கம் ஆகிவிட்டது. அதைப் படித்துக்கொண்டே வருகிறார்: ஜி, ஏ, ஏ, டி, டி, சி! போகும்போது படித்ததே வரும்போதும்! விகடகவி என்ற சொல்லைப் பின்னாலிருந்து படித்தாலும் விகடகவிதானே, அதற்கு இது ஒன்றுவிட்ட உறவு. அங்கே அதே வரியைத் திருப்பிப் படிக்கிறோம். இங்கே எதிர்வரிசையைத் திருப்பிப் படிக்கிறோம். இருபுறமும் ஒன்றாய் ஒலிக்கும் இந்தச் சொற்களைத் தேடித் தெருத்தெருவாய் அலைகிற பிறவிதான், பாடநூல்கள் தடைக்கட்டு நொதி என்றும் நாங்கள் சுருக்கமாய்க் கத்தி என்றும் அழைக்கும் அந்தப் பொருள்.

நுண்ணுயிர்கள் தம் வீட்டுக்குள் அத்துமீறி நுழையும் வைரசின் டி.என்.ஏ.வை நறுக்கித்தள்ள வளர்த்துக்கொண்ட காவல் இது. அதே சொல் தம் சொந்தத் தெருவிலும் இருக்குமே, தன் வீட்டையே வெட்டிக்கொண்டால் என்ன ஆவது என்று கேட்பீர்கள். அந்தந்த வாசலில் ஒரு சிறு வேதித் தொப்பியை மாட்டிவிடுகிறது நுண்ணுயிர். தொப்பி போட்ட வாசலில் காவல் கைவைக்காது. எங்கள் வாயிற்காப்பாளர் அடையாள அட்டை பார்க்கும் அழகுக்கு, இவரை அந்த நுண்ணுயிரிடம் பயிற்சிக்கு அனுப்பலாம்.

இதில் எங்களை இன்னமும் துள்ளவைக்கும் சங்கதி, அந்தக் காவல் பெரும்பாலும் தனியாள் அல்ல என்பது! ஒரே அச்சில் வார்த்த இரட்டையர் அவர்கள். ஒருவர் இந்த வரிசையைத் தடவிப் படிக்கிறார். மற்றவர் எதிர்த்திசையில் எதிர்வரிசையைத் தடவிப் படிக்கிறார். இருவர் கைக்கும் அதே சொல் அகப்பட்டால்தான் வெட்டு விழும். ஒருவர் கைக்கு ஓர் எழுத்து இடறினாலும் இருவரும் நழுவிப் போய்விடுவார்கள். சொல் இருபுறமும் ஒன்றாய் இருப்பதன் பயன் இதுதான். இரட்டையர் இருவரும் ஒரே பாடத்தைப் படித்திருந்தால் போதும்.

இதைக் கண்டு மயங்கி, ஆய்வகத்தையே அந்த அச்சில் வார்த்தவர் தாங்கள்! முடிவு எதுவானாலும் இருவர் படிக்கவேண்டும், ஒளிமேசையின் இரு பக்கமும் எதிரெதிரே நிற்கவேண்டும், ஒருவர் இடமிருந்து வலமும் மற்றவர் தம் வலமிருந்து தம் இடமுமாகப் படித்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து என்று விதி செய்தீர்கள். விதி பொன்னானது. ஆனால் தங்களுக்கு எதிரே நிற்க வாய்த்தவர் யார்? எங்கள் மூத்த வேதியியலாளர், எதிர்வீட்டுக்காரர் என்று எங்களால் அன்போடு அழைக்கப்படுபவர்! தங்கள் மேசைக்கு எதிர்மேசை அவருடையது. இரண்டுக்கும் நடுவே ஒரு ஜன்னல். திறந்திருக்கவேண்டும் என்பது தங்கள் கொள்கை. மூடியிருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. இந்த ஒரு ஜன்னலை முன்னிட்டு இருவரும் ஒளிமேசைக்கு வெளியே பேச்சையே நிறுத்திக்கொண்டீர்கள். "ஜன்னல்காரம்மாகிட்ட சொல்லிடுங்க, காத்துல என் தாள் பறக்குது" என்று அவர் சுவரிடம் சொல்வார். "பறக்கிற தாளைப் படிச்சிருந்தா பறந்திருக்காது" என்று தாங்கள் பூச்செடியிடம் சொல்வீர்கள். நடுவில் நின்று செய்தி சுமந்த எங்கள் இன்பம் சொல்லில் அடங்குமா!

இருபுற ஒப்புமையில் இதயம் இழந்தவரே!

தங்கள் மேசையில் இடப்பக்கம் ஒரு பேனாக் குவளை இருந்தால் வலப்பக்கமும் ஒன்று இருக்கும். தட்டில் பிஸ்கட் ஒற்றைப்படையில் வந்தால் ஒன்றை எடுத்து எங்களிடம் நீட்டிவிடுவீர்கள். அந்த ஒன்றுக்காகவே தங்கள் அறைக்கு ஏதேனும் கேள்வியோடு வந்தவர்கள் எங்களில் உண்டு. இந்த அழகுப் பித்துதான் ஜெல்லிலும் புகுந்தது. ஜெல் என்பது கண்ணாடிபோல் தெளிந்த கட்டிக்கூழ்ப் பலகை. அதன் மேல் ஓரத்துக் குழிகளில் வெட்டிய டி.என்.ஏ.வை ஊற்றி மின்சாரம் பாய்ச்சினால், குட்டைத் துண்டுகள் விரைந்து முன்னே ஓடும். நெட்டைத் துண்டுகள் பின்தங்கும். ஒளிமேசையில் வைத்தால் அவை கோடுகளாய் ஒளிரும். மற்ற ஊர் ஆய்வகங்களில் அளவுகோலை, அதாவது நீளம் தெரிந்த துண்டுகளின் கலவையை, ஓர் ஓரத்தில் மட்டும் ஊற்றுவார்கள். தாங்களோ இரு ஓரத்திலும் அளவுகோல், அதையடுத்து இருபுறமும் நலமானவரின் மாதிரி, அதையடுத்து இருபுறமும் நோயாளியின் மாதிரி, நட்ட நடுவே சோதனைக்கு வந்தவை என்று கோலம் போட்டதுபோல் ஊற்றினீர்கள். போகும்போதும் அதே, வரும்போதும் அதே! பார்க்கக் கண்கொள்ளாது. ஆபத்தும் அங்கேதான் குடியிருந்தது.

அன்று நடுக்குழிகளில் இருந்தவை இரண்டு பச்சிளங் குழந்தைகளின் மாதிரிகள். சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் நோய் இருக்கிறதா என்று பார்க்க அனுப்பப்பட்டவை. நலமான ஜீனில் ஓரிடத்தில் சி, டி, ஜி, ஏ, ஜி என்று வரும். நடுவில் நிற்பவர் யாரென்று அந்தக் கத்தி கண்டுகொள்ளாது; சுற்றியுள்ள நால்வரும் சரியாக இருந்தால் வெட்டிவிடும். நோயுள்ள ஜீனிலோ, ஏ இருந்த வீட்டில் டி குடியேறியிருக்கும். ஒரே எழுத்துதான். கத்திக்கு அந்த வாசலே அடையாளம் தெரியாது, கடந்து போய்விடும். வெட்டுப்பட்டு இரண்டு குட்டைக் கோடுகள் தெரிந்தால் குழந்தை நலம். வெட்டுப்படாமல் ஒற்றை நெட்டைக் கோடு நின்றால் நோய். நோயென்று தெரிந்த குழந்தைக்கு உடனே தினசரி மருந்து தொடங்கவேண்டும். தெரியாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டால், சாதாரணக் காய்ச்சல் ஒன்றே அதைக் கொண்டுபோய்விடக்கூடும்.

குழாய்களில் எண் மட்டுமே இருக்கும். எந்தக் குழந்தை யாருடையது என்று எவருக்கும் தெரியக்கூடாது என்பது விதி. எங்களுக்குத் தெரியும் என்பது வழக்கம். முதல் எண், நம் வாசலுக்கு எதிரே நகல் எடுக்கும் கடை வைத்திருப்பவரின் மகள். இரண்டாம் எண், பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகள். விதியை மதிக்கும் தங்களுக்கு மட்டும் இது தெரியாது.

மின்தொட்டியிலிருந்து ஜெல்லைத் தட்டில் ஏந்தி ஒளிமேசைக்கு வரும் வழியில், அது வழுக்கியது! தங்கள் முழங்கை ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம்! நாங்கள் ஐயோ என்று வாய்திறந்து மூடுவதற்குள், பறந்த ஜெல்லைத் தட்டாலேயே தாங்கிப் பிடித்தீர்கள். "நல்லவேளை, உடையல!" என்றீர்கள். நாங்கள் கைதட்டினோம். எதிர்வீட்டுக்காரரே ஒரு விரலால் மேசையைத் தட்டினார். புத்தகத்தின் பக்கம் புரள்வதுபோல் ஜெல் தலைகுப்புற விழுந்திருந்ததை, கைதட்டிய அத்தனை பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. கவனித்தாலும் தெரிந்திருக்காது. புரண்டாலும் அதே கோலம்தானே! நடுவிலிருந்த இரு குழந்தைகள் மட்டும் இடம் மாறிப்போயிருந்தார்கள்.

"முதல் குழந்தை, வெட்டு" என்றீர்கள் தாங்கள்.

"வெட்டு" என்றார் அவர்.

"ரெண்டாவது, வெட்டலை."

"வெட்டலை."

ஒத்துப்போயிற்று. அறிக்கை எழுதியாயிற்று. கோப்பில் வைக்க, ஒளிபுகும் பிலிமில் எடுத்த ஜெல் படத்தின் பெரிய நகல் ஒன்று வேண்டும். அதுவும் வந்தால் கையெழுத்து. எங்கள் அலுவலக நகல் எந்திரமோ வந்த நாள் முதலே நோயாளி. எனவே பிலிமைக் கையில் எடுத்துக்கொண்டு தாங்கள் சாலையைக் கடந்தீர்கள். எங்கே? எதிரே இருக்கும் அதே கடைக்கு! முதல் எண்ணின் தகப்பனாரிடம்! எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. பேனா வாங்கும் சாக்கில் எங்களில் ஒருவர் பின்னாலேயே ஓடியதால்தான், அங்கு நடந்த பேச்சு சொல் பிசகாமல் இன்று சபையேறுகிறது.

"வாங்க மேடம். எத்தனை காப்பி?"

"ரெண்டு போடுங்க. பெருசா."

அவர் பிலிமை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "இதுல எது மேடம் முன்பக்கம்? எழுத்து ஒண்ணும் காணோமே."

"எப்படி வச்சாலும் ஒண்ணுதான் தம்பி. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அதுதான் அதோட அழகே."

"அழகு சரி மேடம். திருப்பி வச்சு எடுத்துட்டேன்னா உங்களுக்குத் தெரியுமா?"

"அதெப்படி தெரியாம..." என்று தொடங்கிய தாங்கள், அந்த வாக்கியத்தை இன்றுவரை முடிக்கவில்லை, அம்மையீர்!

ஒரு நாளில் எத்தனையோ பேரிடம் அவர் கேட்கிற கடைக்கேள்வி அது. தாங்களோ பிலிமை அவர் கையிலிருந்து பிடுங்கி, இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, முகம் வெளிற நின்றீர்கள். அடுத்த கணம் ஓடினீர்கள்! மூக்குக் கண்ணாடி கடை மேசையில், குடை கடை வாசலில், தாங்கள் நடுச்சாலையில்! சரக்கு வண்டி ஒன்று கிறீச்சிட்டு நின்றது. "ஏம்மா, கண்ணு தெரியலையா?" என்று கத்தினார் ஓட்டுநர். "இப்பதாங்க தெரிஞ்சுது!" என்று கத்திவிட்டு ஓடினீர்கள் தாங்கள். அந்த ஓட்டத்தைப் பார்க்க ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். இந்த வளாகம் அதற்குமுன் அப்படியொரு காட்சியைக் கண்டதில்லை!

வந்து நின்றது எதிர்வீட்டுக்காரரின் மேசை முன்னால். இடையில் சுவர் இல்லை, பூச்செடி இல்லை, நாங்களும் இல்லை.

"சார், நாம ரெண்டு பேரும் ஒத்துப்போயிட்டோம்."

"அதுல என்னம்மா தப்பு? அதுக்குத்தானே ரெண்டு பேரு?"

"ஜெல் புரண்டிருந்தா? புரண்டதைப் பார்த்து ரெண்டு பேரும் ஒத்துப்போயிருந்தா?"

அவர் எழுந்து ஒளிமேசையை எட்டிப் பார்த்தார். "நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆனா மேலேருந்து மட்டும்தான் பார்த்திருக்கோம்."

"அதேதான்."

"அப்போ ஜன்னலைச் சாத்துங்க. முதல்லேருந்து ஆரம்பிப்போம்."

தாங்கள் சாத்தினீர்கள்! தங்கள் கையாலேயே! சாத்திய சத்தம் கேட்டு வரவேற்பு மேசையிலிருந்து ஆள் ஓடிவந்தார், ஏதோ உடைந்துவிட்டதென்று நினைத்து.

மறுபடி இரத்தத் துளியிலிருந்தே தொடங்கினீர்கள். புதுக் குழாய், புதுக் கத்தி, புது ஜெல். அளவுகோலை ஓர் ஓரத்தில் மட்டும் ஊற்றினீர்கள். ஊற்றும்போது ஒவ்வொரு குழியையும் தாங்கள் இருமுறை பார்த்தது அழகு கெடுகிறதே என்றா, குழந்தையை நினைத்தா என்று எங்களுக்குள் இன்றும் வழக்கு நடக்கிறது. மின்சாரம் பாய்ச்சும் முன் ஒரு சிறு கத்தியால் ஜெல்லின் வலப்பக்க மேல் மூலையை வெட்டி எறிந்தீர்கள். இனி அது எப்படிப் புரண்டாலும் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். பிறகு இருவரும் படித்தீர்கள்.

"முதல் குழந்தை..." என்று தொடங்கி நிறுத்தினீர்கள்.

"வெட்டலை" என்று அவர்தான் முடித்தார்.

இரண்டாம் குழந்தை நலம். பேருந்து ஓட்டுநர் வீட்டுக்குச் சரியான அறிக்கை போயிற்று. நடந்த எதுவும் அவருக்குத் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை. முதல் குழந்தைக்குத்தான் நோய். "எது முன்பக்கம்?" என்று கேட்டவருடைய குழந்தைக்கு.

அது யாருடைய குழந்தை என்பதை அப்போதுதான் தங்களிடம் சொன்னோம். மருத்துவரே செய்தி சொல்லியிருக்கலாம். தாங்களும் உடன் சென்றீர்கள். அன்று நகலெடுக்க அவர் கையில் கொடுத்தது அவர் மகளின் படமே என்பதையும் மறைக்காமல் சொன்னீர்கள். கடைக்காரர் நெடுநேரம் எந்திரத்தின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாய் நின்றார்.

"நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, எங்க பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருப்பீங்க, இல்லையா மேடம்?"

"எழுதியிருப்பேன். மருந்து போயிருக்காது."

"இப்போ போகும்?"

"இன்னிக்கே ஆரம்பிக்கிறாங்க. நேரம் தவறிடலை, தம்பி."

அவர் புதுப் பிலிமைக் கேட்டு வாங்கினார். வெட்டிய மூலையை விரலால் தடவிப் பார்த்தார். "இதுல எது எங்க பாப்பா?" தாங்கள் காட்டினீர்கள்: கத்தி வெட்டாமல் விட்ட ஒற்றை நெட்டைக் கோடு. "அவ்வளவு கூர்மையான கத்தி, இவளை ஒண்ணும் பண்ண முடியலையாக்கும்" என்றார். சிரித்தாரா, அழுதாரா என்று மறுபடியும் பேனா வாங்கப் போயிருந்தவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அவரே அப்போது மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

அன்று முதல் இந்த ஆய்வகத்தில் மூலை வெட்டாத ஜெல் கிடையாது. இருவர் படிக்கும் விதி அப்படியே இருக்கிறது. அதோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தீர்கள்: படிக்கும் முன் ஒருவர் மற்றவரைப் பார்த்து, "எது முன்பக்கம்?" என்று உரக்கக் கேட்கவேண்டும். புதிதாய்ச் சேர்பவர்கள் இது ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பார்வையாளர்கள் சிரிக்கிறார்கள். தாங்களோ ஒவ்வொருவரிடமும், "நான் ஒருதரம் கேக்கலை, அதனால" என்று சொல்லிவந்தீர்கள். தலைமை நாற்காலியில் இருந்துகொண்டு அதைச் சொல்லும் துணிவைத்தான், அம்மையீர், பொறுமை, பொலிவு, நேரந்தவறாமை அனைத்துக்கும் மேலாக நாங்கள் போற்றுகிறோம்! ஜன்னலைப் பொறுத்தவரை, காலையில் திறந்தும் மாலையில் மூடியும் இருக்கிறது. செய்தி சுமக்கும் எங்கள் பிழைப்பு அன்றே போயிற்று. அதற்கு மட்டும் தங்களை மன்னிக்கமாட்டோம்.

அந்த முதல் எண் இப்போது கடையின் நகல் எந்திரத்தைவிட உயரமாய் வளர்ந்துவிட்டாள். வலி வரும் நாள்கள் உண்டு. மருத்துவமனை நாள்கள் உண்டு. மருந்தை மறக்கும் நாள்களும் உண்டு, அன்றைக்கெல்லாம் தாங்கள் சாலையைக் கடந்து போய்த் திட்டும் சத்தம் இங்கே கேட்கும். நெட்டைக்கோடு என்பது அவளுக்கு நாங்கள் வைத்த பெயர். பள்ளிப் பையோடு இதோ மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, இப்படிச் சபையில் சொல்லிவிட்டார்களே என்று எங்களை முறைத்துக்கொண்டிருக்கிறாள்!

வாழிய எங்கள் வெட்டுக்கிளியே! விழி தெளிந்து, முழங்கால் வலியின்றி, சாலையை இனியேனும் பார்த்துக் கடந்து, நெடிய நாள் நிறைவோடு வாழ்க! பிஸ்கட் தட்டு ஒற்றைப்படையில் வந்தால் பக்கத்தில் நீட்ட எப்போதும் ஒருவர் இருக்க, இல்லத்தாரும் இன்முகமும் சூழ வாழ்க!

இந்த மடலை அச்சிட்டுத் தந்தவர் எதிர்க்கடைக்காரர். முன்பக்கம் எது என்று இம்முறை அவர் கேட்கவில்லை. "எந்த மூலை?" என்று மட்டும் கேட்டார். மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுபவர் தலையில் அடித்துக்கொண்டார், இவ்வளவு அழகான மடலை இப்படியா கெடுப்பது என்று. கெடுத்தே தீருவோம் என்றோம். ஆகவே, வலப்பக்க மேல் மூலையை வெட்டியே இதைத் தங்கள் கையில் தருகிறோம். சுவரில் மாட்டும்போது புரட்டிவிடாதீர்கள். வெட்டிய துண்டு குப்பைக்குப் போகவில்லை. அது நெட்டைக்கோட்டின் பள்ளிப் பைக்குள் இருக்கிறது. கேட்டால் தரமாட்டேன் என்கிறாள். மடலை முழுதாய்ப் பார்க்க ஆசை வந்தால், தாங்கள்தான் அவ்வப்போது சாலையைக் கடந்து அவளிடம் போகவேண்டும்.

இப்படிக்கு,
தங்களுக்குத் தெரியாதென்று நினைத்து எல்லாவற்றையும் பேசிய,
தங்களுக்குத் தெரியும் என்று தெரிந்தும் இனியும் பேசப்போகிற,
மரபணு ஆய்வகத்து அலுவலர் அனைவரும்

(மடலின் மறுபக்கத்தில், எதிர்த்திசையில் கையெழுத்திட்டிருப்பவர்: எதிர்வீட்டுக்காரர்)